எடுத்துக்கொள்ளுங்கள் எங்கள் பள்ளியை!

வில்லியனூரை அடுத்த ஆரியபாளையத்தில் புதுச்சேரி அரசு ஒரு வடிசாலை நடத்துகிறது. சாராயக் கடைகளுக்குச் சரக்கு அங்கிருந்து போகிறது. ஆட்சிகள் கவிழ்ந்தன, எழுந்தன. துணைநிலை ஆளுநர்கள் வந்தார்கள், போனார்கள். வடிசாலை மட்டும் அசையவில்லை. "இதை நடத்த எங்களுக்குத் துப்பில்லை, டெல்லியிலிருந்து யாராவது வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எந்த முதலமைச்சரும் கைகூப்பியதில்லை. சாராயத்தின் தரத்தை உயர்த்த அதை ஓர் அகில இந்திய வாரியத்தோடு இணைத்தாக வேண்டும் என்று எந்த அமைச்சரவையும் முடிவெடுத்ததில்லை. சாராயம் என்றால் நமக்கு மாநில சுயாட்சி உண்டு.

பள்ளிக்கூடம் என்றால்தான் கை நடுங்குகிறது.

புதுச்சேரிக்கென்று சொந்தமாக ஒரு கல்வி வாரியம் இருந்ததில்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டு வாரியத்தின் கீழ், மாஹே கேரள வாரியத்தின் கீழ், ஏனாம் ஆந்திர வாரியத்தின் கீழ் என்று காலம் ஓடியது. 2023–24 கல்வியாண்டில் அரசு ஒரே போடாகப் போட்டது. 6 முதல் 9 வரையிலான வகுப்புகளும் 11ஆம் வகுப்பும் அரசுப் பள்ளிகளில் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. மறு ஆண்டு 10, 12. அப்போது முதலமைச்சர் ந. ரங்கசாமி. கல்வி அமைச்சர் ஆ. நமச்சிவாயம், 2011இலும் 2016இலும் இதே வில்லியனூர் மக்கள் சட்டமன்றத்துக்கு அனுப்பியவர். காங்கிரஸ் அமைச்சராக இருந்து 2021 ஜனவரியில் விலகி பா.ஜ.க.வுக்குப் போனவர். ஆகவே ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறுவதில் சிரமம் ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தோன்றியிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் மாறும்போது யாரும் அவருக்குப் பொதுத்தேர்வு வைக்கவில்லை.

பிள்ளைகளுக்கு வைத்தார்கள். பத்தாம் வகுப்பைத் தமிழ்நாட்டுப் பாடநூலில் படித்து எழுதிவிட்டு வந்த பிள்ளை, பதினொன்றில் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தைக் கையில் வாங்கியது. 2025இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் டெல்லிப் பள்ளிகளிலும் கேந்திரிய வித்யாலயாக்களிலும் முதல் வகுப்பிலிருந்தே அந்தப் பாடத்திட்டத்தில் ஊறிய பிள்ளைகளோடு ஒரே வினாத்தாளில் உட்கார்ந்தது. தொடக்க வகுப்பில் மத்தியப் புத்தகம், ஆறில் தமிழ்நாட்டுப் புத்தகம், ஒன்பதில் மறுபடி மத்தியப் புத்தகம் என்று தாவிய பிள்ளைகளும் உண்டு. ஆசிரியரும் அதே ஜூனில்தான் அந்தப் புத்தகத்தைப் பிரித்தார். வாத்தியாரும் மாணவனும் ஒரே நாளில் ஒரே பாடத்தைத் தொடங்கும் இந்தச் சமத்துவத்தை வேறெந்த மாநிலம் சாதித்திருக்கிறது?

இதில் உள்ள பெரிய வேடிக்கை வேறு. அரசுப் பள்ளிகள் டெல்லிக்குப் போன பிறகும், புதுச்சேரியில் ஏராளமான தனியார் பள்ளிகள் தமிழ்நாட்டு வாரியத்திலேயே இருக்கின்றன. அவர்கள் மாறவில்லை, யாரும் அவர்களை மாறச் சொல்லவுமில்லை. கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைக்குத் தெரிந்த பாடநூல், தெரிந்த தேர்வு, பழகிய ஆசிரியர். கட்டணம் கட்ட வழியில்லாத ஒதியம்பட்டுக் கிராமத்துப் பிள்ளைக்குப் புதிய பாடநூல், புதிய தேர்வு, பழகாத மொழி. பரிசோதனை என்றால் ஏழையின் பிள்ளைமேல்தான் செய்ய வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். மருந்துக் கம்பெனிகளாவது அதற்கு ஒரு ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வாங்குகின்றன.

விட்டுவிட்டு வந்தது குப்பையா என்றால் அதுவும் இல்லை. தமிழ்நாடு 2018 முதல் பள்ளிப் பாடநூல்களை அடியோடு புதிதாக எழுதியது. மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் கலைத்திட்டக் குழு அமைத்து, பேராசிரியர்களையும் பள்ளி ஆசிரியர்களையும் ஒன்றாக உட்காரவைத்துச் செய்த வேலை அது. அந்த மை காய்வதற்குள் நாம் கிளம்பிவிட்டோம். போய்ச் சேர்ந்த இடத்திலோ அப்போதுதான் புத்தகத்தைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் பரிணாமக் கொள்கை போயிற்று. தனிம வரிசை அட்டவணை போயிற்று. பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றில் முகலாய அரசவை பற்றிய பாடம் போயிற்று. சுமையைக் குறைக்கிறோம் என்றார்கள். தரமான கல்வி தேடி இங்கிருந்து புறப்பட்ட பிள்ளை அங்கே போய்ச் சேர்ந்தபோது டார்வினும் இல்லை, மெண்டலீவும் இல்லை.

தமிழ்? சி.பி.எஸ்.இ. மேல்நிலை வகுப்பில் கட்டாய மொழி ஒன்றுதான். அது ஆங்கிலமாக இருக்கலாம், இந்தியாக இருக்கலாம். தமிழ் விருப்பப் பாடம். பள்ளி தந்தால், பிள்ளை எடுத்தால், உண்டு. இந்த மாநிலத்தின் தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதியவர் பாரதிதாசன். 1909இல் காரைக்கால் பக்கத்து நிரவியில் தமிழாசிரியராகச் சேர்ந்து 1946இல் ஓய்வுபெறும்வரை பிரெஞ்சு அரசின் பள்ளிகளில் பாடம் நடத்தியவர். வெள்ளைக்காரத் துரை சம்பளம் கொடுத்துத் தமிழ் நடத்தவைத்தான். நம்முடைய துரைகள் விருப்பம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். காலையில் வழிபாட்டுக் கூட்டத்தில் அவர் பாட்டைப் பாடிவிட்டு, முதல் பாடவேளைக்கு அவர் மொழி இல்லாமலே போகலாம். இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, இயன்றவரை பிள்ளையின் தாய்மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்கிறது. அந்த 'இயன்றவரை' என்ற ஒரு சொல் போதும், எதையும் இயலாததாக்க.

ஏன் இந்த மாற்றம் என்று கேட்டால் ஒரே பதில்: நீட். மத்தியப் பாடத்திட்டத்தில் படித்தால் நீட் எளிது. நீட்டால் வந்த கேட்டுக்கு நீட்டையே மருந்தாகக் கொடுக்கும் வைத்தியம் இது. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 10 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2023இல் கிடைத்தது, நல்லது, 2020இலேயே நாராயணசாமியின் காங்கிரஸ் அரசு கேட்டது, கோப்பு டெல்லிக்குப் போய் மூன்று ஆண்டுகள் உறங்கியது. அந்த ஒதுக்கீட்டில் மருத்துவராகும் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் கொண்டாடுவோம். மிச்சப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? கலைக் கல்லூரிக்கு, ஐ.டி.ஐ.க்கு, நர்சிங்குக்கு, சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்கு. ஒரு கைப்பிடிப் பிள்ளைகள் எழுதும் தேர்வுக்காக மொத்தப் பள்ளியின் அடித்தளத்தையும் பெயர்த்தெடுக்கலாம் என்று யார் முடிவுசெய்தது?

யாரைக் கேட்டார்கள் என்பதுதான் கேள்வி. வில்லியனூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வியைக் கேட்கத் தனி உரிமை உண்டு. கீழூர் நம் கொம்யூனில்தான் இருக்கிறது. 1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் நகராட்சி மன்ற உறுப்பினர்களுமாக 178 பேர் அங்கே கூடினார்கள். இந்தியாவோடு இணைவதா என்று வாக்குப் போட்டார்கள். 170 பேர் ஆம் என்றார்கள். 8 பேர் இல்லை என்றார்கள். ஒரு நாட்டோடு சேர்வதற்கே நம்மைக் கேட்டுத்தான் சேர்த்தார்கள். பள்ளிக்கூடத்தை ஒரு வாரியத்தோடு சேர்க்கக் கேட்கவில்லை.

கேட்கலாமென்றாலும் கேட்க ஆள் எங்கே? அன்றைக்குக் கீழூரில் வாக்களிக்க ஒவ்வொரு ஊரிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்ற உறுப்பினர் இருந்தார். 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் என்ற ஒன்றை நாம் 2006இல்தான் பார்த்தோம். அந்த மன்றங்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. பிறகு தேர்தல் அறிவிக்கப்பட்டது, தள்ளப்பட்டது, 2021இல் தேதி குறித்து வேட்புமனு வாங்கும் நேரத்தில் மறுபடி நின்றது. வில்லியனூர் கொம்யூனும் பாகூர் கொம்யூனும் ஆணையர்களால் ஆளப்படுகின்றன. வாய்க்கால் அடைத்தால் யாரிடம் சொல்வது என்று தெரியாத ஊரில், பள்ளிக்கூடம் கைமாறினால் யாரிடம் கேட்பது? காலனி ஆட்சியின் கடைசி நாளில் இருந்த ஜனநாயகம் குடியரசின் எழுபதாம் ஆண்டில் இல்லை என்பதை நம் தலைவர்கள் வெட்கமில்லாமல் கடந்துபோகிறார்கள். அவர்களே நியமன எம்.எல்.ஏ.க்களோடு ஒரே சட்டமன்றத்தில் உட்கார்ந்து பழகியவர்கள்.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்; மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை அவர்கள் எழுத வேண்டும் என்கிறது சட்டம். நடப்பது என்ன? ஒரு தாளை நீட்டுவார்கள். "கையெழுத்துப் போடும்மா" என்பார்கள். "என்னா சார் எழுதியிருக்கு?" என்று ஒரு தாய் கேட்டால், "எல்லாம் நம்ம புள்ளைங்க நல்லதுக்குத்தாம்மா" என்று பதில் வரும். அதோடு கூட்டம் முடிந்தது. தேநீர் வரும்.

இனிப் பெயர்ப்பலகைக்கு வருவோம். 2022 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை பி.எம். ஸ்ரீ திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நாடு முழுவதும் 14,500 பள்ளிகள், 27,360 கோடி ரூபாய். பள்ளியின் பெயருக்கு முன்னால் பி.எம். ஸ்ரீ என்று எழுத வேண்டும். தேசியக் கல்விக் கொள்கையை முழுதாக ஏற்பதாக மாநிலம் கையெழுத்திட வேண்டும். புதுச்சேரி கையெழுத்திட்டது. தமிழ்நாடு மறுத்தது, மறுத்ததற்குக் கூலியாக 2024–25இல் வரவேண்டிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை டெல்லி பிடித்து வைத்துக்கொண்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. கேரளம் 2025 அக்டோபரில் கையெழுத்திட்டது, கூட்டணிக்குள்ளேயே கலகம் வந்து அதே மாதம் நிறுத்திவைத்தது. நம் ஊரில் கலகமும் இல்லை, வழக்கும் இல்லை. மின்துறையைத் தனியாருக்குக் கொடுக்கப் போனபோது 2022இல் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், ஊரே இருண்டது, எல்லோருக்கும் உறைத்தது. பள்ளி கைமாறியபோது ஒரு வீட்டில்கூட விளக்கு அணையவில்லை. அணைந்தது தெரிய இன்னும் பத்து வருஷம் ஆகும்.

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேர்த் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர்ப்பலகை விவகாரம் எளிதாகப் புரியும். பிரெஞ்சு ஆளுநர் வந்து வடம் பிடிப்பது அந்தக் காலத்து வழக்கம். இப்போது துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் பிடிக்கிறார்கள். பெரியவர்கள் வடத்தைத் தொடுவார்கள், படம் எடுக்கப்படும், சைரன் ஒலியோடு கார்கள் போய்விடும். அதற்குப் பிறகு நான்கு வீதியும் இழுத்து, திருப்பத்தில் முட்டுக்கட்டை போட்டு, தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது ஊர் ஜனம். பள்ளிக்கூடத்தில் முதல் பாதி மட்டும் நடக்கிறது. வடத்தைத் தொட வருகிறவர்களுக்குக் குறைவில்லை. பிரதமர் பெயர் ஒரு பலகையில், நன்கொடை கொடுத்த கம்பெனி பெயர் திறன் பலகையில், சட்டமன்ற உறுப்பினர் பெயர் குடிநீர்த் தொட்டியில். காலியாக இருக்கும் கணக்கு வாத்தியார் நாற்காலியில் மட்டும் யார் பெயரும் இல்லை.

பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் அதற்கு மூன்று ஊர்கள் தானமாகக் கொடுக்கப்பட்டதை பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. அந்தக் கல்விக்கூடத்தின் கதவு யாருக்குத் திறந்தது, யாருக்குச் சாத்தியிருந்தது என்பதும் நமக்குத் தெரியும். அந்தப் பொற்காலத்துக்கு ஏங்க நமக்கு ஒரு காரணமும் இல்லை. செப்பேட்டில் அரச பரம்பரையின் புகழ்ச்சி நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் புகழ்ச்சிக்குக் கீழே மூன்று ஊர் இருந்தது. இன்றைய பலகையில் புகழ்ச்சி மட்டும் இருக்கிறது.

சோற்றுத் தட்டும் தப்பவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தரும் வழக்கத்தை இங்கே 1930இல் பிரெஞ்சு நிர்வாகம் தொடங்கியது. காமராசரின் மதிய உணவுக்கும் எம்.ஜி.ஆரின் சத்துணவுக்கும் பல ஆண்டுகள் முந்தியது. அப்பேர்ப்பட்ட ஊரில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்சய பாத்திரம் அறக்கட்டளையிடம் சமையலை ஒப்படைத்தார்கள். காங்கிரஸ் ஆட்சியில் பேச்சு தொடங்கியது, அடுத்த ஆட்சியும் அதைக் கைவிடவில்லை. இந்த ஒரு விஷயத்தில் கட்சி வேறுபாடு இல்லை. அந்த அறக்கட்டளையின் சமையலில் வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை. கர்நாடகத்தில் இதே சமையலைப் பற்றிப் பெரிய சர்ச்சையே நடந்தது. வில்லியனூர் சந்தையில் கருவாட்டு வாசனையோடு வளர்ந்த பிள்ளையின் நாக்கு, வெங்காயத்தைத் துறந்த சாம்பாரில் ஆன்மிகம் கற்க வேண்டும். பாடமும் வெளியிலிருந்து, சோறும் வெளியிலிருந்து. உள்ளூரில் உற்பத்தியாவது பிள்ளையும் பசியும்தான்.

இது புதுச்சேரி நோய் மட்டும் என்று அக்கம்பக்கத்தார் சிரிக்க வேண்டாம். 2024 டிசம்பர் இறுதியில் தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளின் சங்கம் ஒன்று 500 அரசுப் பள்ளிகளுக்கு உதவப்போவதாக அறிவித்தது. 'தத்துக் கொடுக்கிறார்களா' என்று எதிர்ப்பு கிளம்பியதும், தத்தும் இல்லை தாரைவார்ப்பும் இல்லை என்று அமைச்சர் அன்பில் மகேஸ் மறுத்தார். அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளைகளை ஈர்த்துக்கொண்டு வளர்ந்தவர்களே அரசுப் பள்ளிக்குக் கைகொடுக்க வருகிறார்கள் என்றால், அந்தக் கருணையை எண்ணிக் கண்ணீர் விட வேண்டும். நிதி ஆயோக் 2017இல் வெளியிட்ட மூன்றாண்டுச் செயல்திட்டம், பிள்ளைகள் குறைந்து கூடாகிப்போன அரசுப் பள்ளிகளைத் தனியார் கூட்டில் நடத்துவதை ஆராயலாம் என்றது. அதே ஆண்டு ராஜஸ்தான் அமைச்சரவை 300 அரசுப் பள்ளிகளைத் தனியார் பங்கேற்புக்கு விட ஒப்புதல் தந்தது. ஆசிரியர்களும் ஊர்க்காரர்களும் எதிர்த்ததில் அது கிடப்புக்குப் போனது. உத்தரப் பிரதேசம் 2025 ஜூனில் இன்னும் எளிய வழி கண்டது: 50க்குக் குறைவான பிள்ளைகள் இருந்தால் பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிடு. நோயாளி இல்லாவிட்டால் நோயும் இல்லை.

கடல் தாண்டியும் இதே கூத்து. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநில அரசு 2023 ஜூனில் ஹியூஸ்டன் நகரப் பள்ளி நிர்வாகத்தைக் கைப்பற்றியது. மக்கள் தேர்ந்தெடுத்த கல்விக் குழுவை ஓரம்கட்டிவிட்டு, மாநிலம் நியமித்த ஒரு குழுவை உட்காரவைத்தார்கள். சாக்காகக் காட்டியது, வீட்லி உயர்நிலைப் பள்ளி ஆண்டுக்கணக்கில் தோற்றது. அந்தப் பள்ளியோ 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டிலேயே தேறிவிட்டிருந்தது. பையன் பாஸாகிவிட்டான் என்று சொன்னபோதும், உத்தரவு போட்டாகிவிட்டது என்று வந்து வீட்டை எடுத்துக்கொண்டார்கள். எடுத்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, 28 பள்ளிகளில் நூலகங்களை மூடி, வகுப்பில் குறும்பு செய்யும் பிள்ளைகளை அனுப்பிவைக்கும் அறைகளாக மாற்றியது. மதிப்பெண் ஏறியிருக்கிறது என்று நடத்துகிறவர்கள் சொல்கிறார்கள். ஆசிரியர்கள் கூட்டம்கூட்டமாக வெளியேறினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேர்ந்தெடுத்தவர்களுக்கு மேலே நியமிக்கப்பட்டவர் உட்காரும் ஏற்பாட்டை ஹியூஸ்டன்காரர்கள் புதிதாகப் பார்த்து அலறுகிறார்கள். பாண்டிக்கு வந்து எங்களோடு ஒரு வாரம் தங்கினால் பழகிப்போகும்.

இவ்வளவு பேர் ஆசைப்படும்போது நாமே முறையாக எழுதிக் கொடுத்துவிடலாம். பத்திரம் இதோ, தயாராக இருக்கிறது.

வில்லியனூர் கொம்யூன் பொதுமக்களாகிய நாங்கள், சுயநினைவுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும், எங்களைக் கலந்துகொள்ளாமலே, எழுதிக் கொடுக்கும் பள்ளிக்கூடக் கிரயப் பத்திரம். சொத்தின் நான்கெல்லை: வடக்கே டியூஷன் சென்டர், தெற்கே சாராயக் கடை, கிழக்கே மஞ்சள் நிற வேன் நிற்கும் தனியார் பள்ளி, மேற்கே தேர்தலுக்குத் தேர்தல் அடிக்கல் நாட்டிய காலி மனை. இந்த நான்கெல்லைக்குள் அடங்கிய கட்டடம், வேப்பமரம், பூட்டிய ஆய்வுக்கூடம், பூட்டின் தொலைந்த சாவி, இவை யாவும் சேரும். பாடத்திட்டம் டெல்லிக்கு. பெயர்ப்பலகை பிரதமருக்கு. சமையற்கட்டு பெங்களூருக்கு. சுவர்கள் நன்கொடைக் கம்பெனியின் விளம்பரத்துக்கு. தேர்ச்சி விழுக்காடு உயர்ந்தால் அது அமைச்சருக்கு; குறைந்தால் தலைமை ஆசிரியருக்கு. காலிப் பணியிடங்கள் மட்டும் எழுதிக் கொடுப்பவர் அனுபோகத்திலேயே நீடிக்கும். சொத்தில் வில்லங்கம் ஏதுமில்லை. பிற்காலத்தில் ஏதும் தெரியவந்தால் அது பிள்ளைகள்தான், அவர்களை நாங்களே எங்கள் சொந்தச் செலவில் தனியார் பள்ளிக்கு அப்புறப்படுத்தித் தருவோம். சாட்சிக் கையெழுத்து: இடம் காலி.

சிரித்தாகிவிட்டதா? இப்போது நம் பங்கைப் பேசுவோம். பள்ளிகள் சரிந்தது டெல்லிக்காரனால் மட்டும் அல்ல. சர்வீஸ் பிளேஸ்மெண்ட் என்று ஒரு மந்திரம் நம் கல்வித் துறையில் உண்டு. பணியிடம் ஒரு கிராமத்துப் பள்ளியில் இருக்கும்; ஆசிரியர் நகரத்துப் பள்ளியிலோ அலுவலகத்திலோ இருப்பார். சம்பளப் பட்டியலில் கிராமத்துக்கு வாத்தியார் உண்டு, வகுப்பறையில் இல்லை. அவ்வப்போது ரத்து செய்வார்கள். சிபாரிசுக் கடிதத்தோடு மறுபடி வரும். காரைக்காலுக்கோ ஏனாமுக்கோ மாற்றல் என்றால் கொடி பிடிக்கும் சங்கங்கள், கிராமத்துப் பள்ளியில் பாதி ஆண்டுவரை அறிவியல் ஆசிரியர் இல்லாததற்கு எத்தனை முறை கொடி பிடித்தன? தற்காலிக ஆசிரியர், ஒப்பந்த ஆசிரியர் என்று ஆண்டுக்கணக்கில் ஒரு கூட்டத்தை அரைச் சம்பளத்தில் அலையவிட்டு, அவர்கள் நிரந்தரம் கேட்டுத் தெருவுக்கு வந்தால் போலீஸை அனுப்புகிறோம். அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியர்களில், அதிகாரிகளில், அமைச்சர்களில், தம் பிள்ளையைத் தாம் நடத்தும் பள்ளியிலேயே சேர்த்தவர்கள் கை தூக்கலாம். அவசரம் இல்லை, காத்திருக்கிறோம்.

பெற்றோராகிய நாம்? ஓட்டுக்குக் காசு வாங்கும்போது வாத்தியார் எங்கே என்று கேட்க வாய் வருமா? ஒரு ரூபாய் மாணவர் பேருந்து கொரோனாவுக்குப் பிறகு வராமல் நின்றபோது சத்தம் போட்டோம், வந்தது. கட்டணமே இல்லாமல் வந்தது. சத்தம் போட்டால் வரும் என்பதற்கு அதுவே சாட்சி. பாடத்திட்டம் போனபோது ஏன் போடவில்லை? ஆங்கிலத்தில் இருந்தால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நாமும் நினைத்தோம். வேனில் போகும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்த ஏக்கத்தை அரசு நன்றாகப் படித்து வைத்திருந்தது. அந்த ஏக்கத்துக்கு ஒரு வாரியத்தின் பெயரை விற்றது.

2021 மார்ச்சில் பிரதமர் புதுச்சேரிக்கு வந்து 'பெஸ்ட்' புதுச்சேரி ஆக்குவோம் என்றார். அந்த ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துக்கும் ஒரு விளக்கம் சொன்னார். இரண்டாவது எழுத்து கல்வி. எழுத்து வந்துவிட்டது, வாத்தியார் வரவில்லை.

தோற்கும் பள்ளியை யாரும் எடுத்து நடத்தவே கூடாது என்பதல்ல வாதம். எடுப்பவர் எதை எடுக்கிறார் என்பதைப் பார்க்கச் சொல்கிறேன். எல்லோரும் எடுத்தது பெயரை, பாடத்தை, சோற்றை, முடிவெடுக்கும் உரிமையை. ஒருவரும் எடுக்காதது பொறுப்பு. வாரியம் மாற்றினால் அறிக்கையில் ஒரு வரி வரும், படம் வரும். காலிப் பணியிடத்தை நிரப்பினால் மாதம்தோறும் சம்பளம் கொடுக்க வேண்டும். எது மலிவு என்று அரசுக்குக் கணக்குத் தெரியும். கணக்கு வாத்தியார் இல்லாமலே தெரியும்.

கேட்க வேண்டியவை நான்கே. ஒரு பள்ளியில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு; வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் ஒவ்வொரு பள்ளியின் காலிப் பணியிடக் கணக்கையும் பள்ளி வாசலில், பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் எழுதி வையுங்கள். சர்வீஸ் பிளேஸ்மெண்டில் போனவர்களைச் சம்பளம் வாங்கும் பள்ளிக்கே திருப்பி அனுப்புங்கள். தமிழைப் பன்னிரண்டாம் வகுப்புவரை கட்டாயப் பாடமாக்குங்கள். உள்ளாட்சித் தேர்தலை நடத்துங்கள். அதுவரை பள்ளிக்கூடத்தைப் பற்றி எந்தப் புது ஒப்பந்தத்திலும் கையெழுத்திட உங்களுக்கு உரிமை இல்லை. அதை உங்களுக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தாளை நீட்டுவார்கள். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.